ஜூம் செய்யப் போனால் கோடு விழுகிறது

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். டேப்லெட்டுக்கு ஒரு வரையும் ஆப் எழுதுகிறீர்கள். இரண்டு விரலால் கேன்வாஸைப் பெரிதாக்கப் போகும்போது படத்தின் மேல் ஒரு புள்ளியோ கீறலோ விழுகிறது, சில சமயம் ஜூம் முடித்துக் கையை எடுக்கும்போதும் ஒரு நீளக் கோடு விழுகிறது, அதை எப்படி நிறுத்துவது என்பது ஒன்று. எந்த வேலைக்கு எந்தச் சைகை, மொத்தம் எத்தனை வைக்கலாம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. திரையில் ஒரு விரல் பட்டால் அது வரைய வந்ததா, தாளை நகர்த்த வந்ததா என்று ஆப்புக்கு எப்படித் தெரியும்? பட்ட அந்தக் கணத்தில் தெரியவே தெரியாது. நீங்கள் அனுப்பிய விவரத்தைப் பார்த்தால் உங்கள் ஆப் தெரிந்த மாதிரி நடந்துகொள்கிறது, அதனால்தான் கோடு விழுகிறது.

வரையும் ஆப்களுக்குத் தொடு உள்ளீட்டுப் பகுதி எழுதிச் சில வருடங்கள் ஓடிவிட்டன, இதே தவறை நானும் செய்திருக்கிறேன். நாம் இரண்டு விரலையும் ஒன்றாக வைப்பதாக நினைத்துக்கொள்கிறோம். திரை அனுப்பும் தகவலைப் பதிவுசெய்து பார்த்தால் ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சில பத்து மில்லி வினாடி இடைவெளி கட்டாயம் இருக்கும். சோபாவில் சாய்ந்துகொண்டு அசதியாக வரைகிறவர்களிடம் நூறைத் தாண்டியும் பார்த்திருக்கிறேன். அந்த இடைவெளியில் ஆப்புக்குத் தெரிவது ஒரே ஒரு விரல். ஒரு விரல் என்றால் பிரஷ் என்று நீங்கள் எழுதிவைத்திருக்கிறீர்கள். பிரஷ் தன் வேலையைச் செய்கிறது, பாவம்.

இதற்கு எல்லோருக்கும் முதலில் தோன்றும் தீர்வு, நூறு மில்லி வினாடி பொறுத்திருந்து இன்னொரு விரல் வருகிறதா என்று பார்த்துவிட்டு வரைய ஆரம்பிப்பது. அதைச் செய்யாதீர்கள். வரைகிறவரின் கை தாமதத்தை உடனே கண்டுபிடித்துவிடும். ஆப்பிள் 2019இல் ஐபேடில் வரையும் தன் பேனாவான பென்சிலின் தாமதத்தை 20 மில்லி வினாடியிலிருந்து 9க்குக் குறைத்ததைப் பெரிய செய்தியாக அறிவித்தது. அவ்வளவு சின்ன எண்ணுக்காக ஆட்கள் உழைத்துக்கொண்டிருக்கும்போது நாம் சும்மா நூறைத் தூக்கிப் போட முடியாது. அதனால் உடனே வரையுங்கள், ஆனால் அதை இன்னும் படத்தில் சேர்க்காதீர்கள். விரல் பட்டதும் கோடு ஒரு தற்காலிக லேயரில், அதாவது படத்தின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி இருக்கும் ஓர் அடுக்கில், ஓடட்டும். அன்டூ (செய்ததைத் திரும்பப் பெறுவது) வரிசையில் அதற்கு இடம் கிடையாது, கீழே இருக்கும் உண்மையான லேயரை அது தொடவும் கூடாது. இரண்டாவது விரல் சீக்கிரம் வந்து, முதல் விரல் அதற்குள் அதிகம் நகராமல் இருந்தால், தற்காலிகக் கோட்டைத் துடைத்துவிட்டு இது ஜூம் என்று முடிவுசெய்யலாம். முதல் விரல் நன்றாக நகர்ந்துவிட்டால் அது கோடுதான் என்று உறுதியாகிவிடும், அதன்பிறகு எத்தனை விரல் வந்தாலும் கண்டுகொள்ள வேண்டாம். விரலை எடுத்த பிறகுதான் கோடு படத்தில் சேரும்.

எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நகர்வு என்று அடுத்துக் கேட்பீர்கள். நகர்வுக்கு ஒரு நல்ல ஆரம்பப் புள்ளி இருக்கிறது: ஆண்ட்ராய்டு, விரல் நடுக்கத்துக்கும் உண்மையான இழுப்புக்கும் எல்லையாக 8 டிபி (திரையின் பிக்சல் நெருக்கம் எதுவானாலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும் அலகு) வைத்திருக்கிறது, அதாவது ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டர். இதைத் திரையின் அளவில்தான் அளக்க வேண்டும், கேன்வாஸ் பிக்சலில் அளக்கக் கூடாது. கேன்வாஸ் பிக்சலில் அளந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒருவிதமாகவும் சிறிதாக்கிப் பார்க்கும்போது வேறுவிதமாகவும் சைகை நடந்துகொள்ளும், காரணம் புரியாமல் இரண்டு நாள் தேடுவீர்கள். நேரத்துக்கு நான் 120 முதல் 150 மில்லி வினாடி வரை வைப்பது வழக்கம். இது என் கைப்பழக்கத்தில் வந்த எண்தான், உங்கள் சாதனத்தில் உங்கள் ஆட்களை வைத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன உபாயமும் உண்டு. விரலால் வரையும்போது மட்டும், அந்த 1.3 மில்லிமீட்டர் நகரும்வரை தற்காலிகக் கோட்டையும் கண்ணுக்குக் காட்டாதீர்கள். விரலே அந்த இடத்தை மறைத்துக்கொண்டிருப்பதால் அந்தத் தாமதம் யாருக்கும் தெரிவதில்லை, ஜூம் செய்யும்போது மை பளிச்சென்று வந்து மறைவதும் நின்றுவிடும். பேனா வைத்து வரைகிறவர்களுக்கு இதைச் செய்யக் கூடாது, முனையில் மை வராததை அவர்கள் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நகராமலே எடுத்த விரலுக்கு, எடுத்த பிறகு ஒரு புள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் புள்ளி வைத்து நிழல் தீட்டுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இந்த 'திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய கோடு' ஜூமுக்கு மட்டும் இல்லை. ஒரு அழைப்பு வருகிறது, அல்லது சிஸ்டம் ஒரு சைகையைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது, அப்போது உங்கள் ஆப்புக்குத் தொடல் ரத்து என்று ஒரு நிகழ்வு வரும். ஐபேடு, ஆண்ட்ராய்டு, பிரவுசர் எல்லாவற்றிலும் இது உண்டு. நிறையப் பேர் அதை விரலை எடுத்ததாகவே எடுத்துக்கொண்டு கோட்டைச் சேர்த்துவிடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 13இலிருந்து, பல விரல்கள் இருக்கும்போது அதில் ஒன்று உள்ளங்கை என்று சிஸ்டம் பிறகு கண்டுபிடித்தால், அந்த ஒன்றை மட்டும் ரத்தானது என்று குறியிட்டு அனுப்புகிறது. அதாவது நீங்கள் ஏற்கெனவே வரைந்து முடித்ததை 'அது விரலே இல்லை' என்று பின்னால் வந்து சொல்கிறார்கள். ஆக ஜூம், சிஸ்டம் குறுக்கீடு, உள்ளங்கை மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான். அந்தத் தற்காலிக லேயரை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவிட்டால் பிறகு வரும் சைகைகள் எல்லாம் அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் அந்த நீளக் கோடு. கையை எடுக்கும்போதும் இரண்டு விரலும் ஒன்றாகப் போவதில்லை. ஒரு விரல் போனதும் உங்கள் ஆப் மீதியிருக்கும் விரலைப் பார்த்து 'ஓ, ஒரு விரல், பிரஷ்' என்று நினைத்துக்கொள்கிறது. ஒரு முறை ஒரு வாடிக்கையாளருக்காகச் செய்த ஆப்பில் இதே பிழையை வெளியீடு வரை கொண்டுபோயிருக்கிறேன், அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் மேஜையில் வைத்து அழகாகக் கையை எடுத்ததால் எங்களுக்கு ஒரு தடவைகூட வரவில்லை. விதி எளிது: ஒரு தொடல் கூட்டம் ஜூம் என்று முடிவாகிவிட்டால் எல்லா விரலும் திரையை விட்டுப் போகும்வரை அது ஜூம்தான், நடுவில் பிரஷ்ஷாக மாற அனுமதி இல்லை. விரல்களின் எண்ணிக்கை மாறும்போதெல்லாம் கணக்கின் ஆரம்பப் புள்ளியையும் புதிதாகப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் கேன்வாஸ் துள்ளும்.

ஜூம் கணக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு விரலுக்கும் கீழே இருந்த படத்தின் இரண்டு புள்ளிகள் கடைசிவரை அதே விரல்களுக்குக் கீழேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அளவு, கோணம், இடம் இரண்டு திசையில் என்று நான்கு தெரியாத எண். இரண்டு புள்ளிகளிலிருந்து நான்கு சமன்பாடு. ஒரே ஒரு விடை. ஆனால் சுழற்சியை அப்படியே விட்டால் வெறுமனே பெரிதாக்க வந்தவரின் படமும் இரண்டு மூன்று டிகிரி சாய்ந்துவிடும், அது பெரிய எரிச்சல். கோணம் ஓர் எல்லையைத் தாண்டிய பிறகே சுழற்சி தொடங்கட்டும். தொடங்கும்போது அதுவரை சேர்ந்த கோணத்தைக் கழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லையைத் தாண்டும் கணத்தில் படம் சடாரென்று திரும்பும். நேராக இருக்கும் நிலைக்கு அருகில் வந்தால் லேசாக ஒட்டிக்கொள்ளவும் செய்யலாம். இரண்டு விரலும் மிக நெருங்கிவிட்டால் சின்ன நடுக்கமே பெரிய ஜூமாகத் தெரியும், அதனால் விரல் இடைவெளிக்கு ஒரு குறைந்தபட்ச எல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எந்தச் சைகை எதற்கு என்பது. இதில் உறுதியான தரையில் ஆரம்பிக்கிறேன். 1987இல் ஈவ் கியார் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் இரண்டு கைகளும் வேலையை எப்படிப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று எழுதினார். வலக்கைக்காரர் எழுதும்போது இடக்கை சும்மா இருப்பதில்லை. தாளைப் பிடித்து, சாய்த்து, நகர்த்தி, எழுதும் இடத்தை வலக்கைக்கு வாகாகக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இடக்கை முந்திப் போகும், அதன் அசைவு பெரிதாகவும் முரட்டுத்தனமாகவும் இருக்கும். வலக்கை பின்னால் வந்து நுணுக்கமாகச் செய்யும். நமக்கு இது புதிதில்லை. ஓலையில் எழுதியவர்கள் இடது கையில் ஓலையைப் பிடித்து, இடது கட்டைவிரலை எழுத்தாணிக்கு முட்டுக்கொடுத்துத்தான் எழுதினார்கள். 2010இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர் கென் ஹிங்க்லியும் அவர் கூட்டாளிகளும் இதையே திரைக்குக் கொண்டுவந்து, பேனா எழுதட்டும், விரல் பொருள்களைக் கையாளட்டும், இரண்டும் சேர்ந்தால் புதிய கருவிகள் பிறக்கும் என்று காட்டினார்கள். ஸ்டைலஸ் இருக்கும் சாதனத்தில் இந்தப் பங்கீட்டை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தொட்டது பேனாவா விரலா என்பதை ஐபேடும் ஆண்ட்ராய்டும், பிரவுசரில் தொடல் தகவலைத் தரும் பாயின்டர் ஈவென்ட்ஸும் உங்களுக்குச் சொல்லிவிடும். பேனா ஒரு முறை பட்டுவிட்டால் விரலால் வரைவதை அணைத்துவிடலாமா என்று பயனரிடம் ஒரே ஒரு தடவை கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி உள்ளங்கை. பேனாவின் முனை படுவதற்கு முன்பே கையின் ஓரம் திரையில் உட்கார்ந்துவிடும், பேனாவைத் தூக்கிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும். பேனா பட்ட கணத்தில், அப்போதுதான் தொடங்கியிருந்த விரல் நகர்வு எதுவாக இருந்தாலும் ரத்துசெய்து கேன்வாஸைப் பழைய இடத்தில் வையுங்கள். பேனாவைத் தூக்கிய பிறகு அரை வினாடி விரலைக் கேட்காமல் இருக்கலாம் என்று பலர் சொல்வார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஒரு கோட்டை இழுத்ததும் பிடிக்காமல் உடனே இரண்டு விரலால் தட்டி அன்டூ செய்வது வரைகிறவர்களின் மூச்சு மாதிரி, அந்த அரை வினாடி சரியாக அதன் தலையில் விழுகிறது. இப்போது நான் பேனா இருந்த இடத்துக்குப் பக்கத்தில் படும் தொடலை மட்டும் ஒதுக்குகிறேன், தள்ளிப் பட்டால் ஏற்றுக்கொள்கிறேன். இது எல்லாப் பிடியிலும் சரியாக வரும் என்று சொல்ல மாட்டேன், கையை வளைத்துக் கோட்டுக்கு மேலே வைத்து எழுதும் இடக்கைக்காரர்களிடம் அவ்வப்போது தவறுகிறது.

சைகைகளின் பட்டியலுக்கு வந்தால், புதிதாகக் கண்டுபிடிக்க ஆசைப்படாதீர்கள். 2011இல் வந்த புரோகிரியேட் என்ற ஐபேடு வரையும் ஆப் பழக்கிவிட்ட சில அசைவுகள் இன்று ஐபேடில் வரைகிறவர்களின் கையில் ஊறிவிட்டன: இரண்டு விரல் தட்டல் அன்டூ, மூன்று விரல் தட்டல் ரீடூ (அன்டூ செய்ததை மீண்டும் கொண்டுவருவது), இரண்டு விரலை அப்படியே அழுத்திவைத்தால் வரிசையாக அன்டூ, நான்கு விரல் தட்டல் முழுத்திரை. வேறு பல ஆப்களும் முதல் இரண்டை அப்படியே வைத்திருக்கின்றன. நீங்கள் இரண்டு விரல் தட்டலுக்கு வேறு வேலை கொடுத்தால் அது உங்கள் ஆப்பின் தனித்தன்மை என்று யாரும் பாராட்டப் போவதில்லை, அவர்கள் படம் கெட்டுவிட்டதாக நினைப்பார்கள். இதில் கவனிக்க ஒன்று உண்டு. தவறுதலாக அன்டூ ஆகி, அதைக் கவனிக்காமல் அடுத்த கோட்டைப் போட்டுவிட்டால் ரீடூ வரிசை போய்விடும், போனது திரும்பாது. அதனால் அன்டூ நடக்கும்போதெல்லாம் என்ன பின்வாங்கியது என்று திரையின் மேல் ஓரத்தில் ஒரு வரி காட்டுங்கள். தட்டல் என்று ஏற்பதற்கு இரண்டு விரலும் சுமார் கால் வினாடிக்குள் வந்து போயிருக்க வேண்டும், இரண்டும் நகர்ந்திருக்கக் கூடாது, நடுவில் ஜூம் தொடங்கியிருக்கவும் கூடாது.

அழுத்திவைக்கும் சைகைகள்தான் என் அனுபவத்தில் அதிகப் புகார் வாங்குபவை. ஐஓஎஸ் அழுத்தத்துக்கு வைத்திருக்கும் இயல்பு நேரம் அரை வினாடி. பட்டன் மேல் அது சரி, கேன்வாஸ் மேல் அரை வினாடி என்பது நிதானமாகக் கோடு போடுகிறவருக்குச் சாதாரண யோசிக்கும் நேரம். விரலை வைத்து எங்கே இழுக்கலாம் என்று யோசித்தால் வண்ணம் எடுக்கும் வட்டம் முளைத்துவிடும். கோட்டின் முடிவில் நின்றால் அது நேர்கோடாகத் திருந்திக்கொள்ளும். இந்த வசதிகள் நல்லவைதான், ஆனால் நேரத்தை மாற்றவும் முழுதாக அணைக்கவும் வழி கொடுங்கள். இதற்குப் பதில் எனக்கு அதிகம் பிடித்தது, திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டத்தை இடக்கை அழுத்திப் பிடித்திருக்கும்வரை மட்டும் வலக்கையின் வேலை மாறுவது. அடோபி ஃபிரெஸ்கோ என்ற வரையும் ஆப்பில் இப்படி ஒன்று இருக்கிறது. கீபோர்டின் ஷிஃப்ட் மாதிரி, விட்டால் பழைய நிலை. எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை இடக்கையின் தசையே ஞாபகம் வைத்துக்கொள்கிறது. கியார் சொன்ன பங்கீட்டோடும் பொருந்திப்போகிறது. போனில் இது அவ்வளவாக எடுபடாது, இடக்கைதான் போனையே தாங்கிக்கொண்டிருக்கிறது.

திரும்பப் பெற முடியாத எதையும் சைகையில் வைக்கக் கூடாது. லேயரை அழிப்பது, கோப்பை மூடுவது எல்லாம் பட்டனில் இருக்கட்டும். புரோகிரியேட்டில் மூன்று விரலால் தேய்த்தால் லேயர் சுத்தமாகிவிடும், அன்டூ அதைக் காப்பாற்றும் என்பதால்தான் அது பிழைத்தது.

சிஸ்டத்தோடு மோதுவது இன்னொரு தலைவலி. 2019இல் ஐஓஎஸ் 13 வந்தபோது மூன்று விரலால் இடப்பக்கம் இழுத்தால் அன்டூ, மூன்று விரலைக் குவித்தால் காப்பி என்று ஆப்பிளே சைகைகளை நுழைத்தது. மூன்று விரலை ஏற்கெனவே பயன்படுத்திய வரையும் ஆப்களுக்கு இது நேரடி மோதல். அதை உங்கள் கேன்வாஸில் மட்டும் அணைக்க ஆப்பிள் வழி வைத்திருக்கிறது, எடிட்டிங் இன்டராக்‌ஷன் கான்ஃபிகரேஷன் என்ற பண்பைத் தேடுங்கள். ஐபேடில் நான்கு ஐந்து விரல் குவிப்பும் இழுப்பும் ஆப்களை மாற்றும் வேலைக்குப் போய்விட்டதால் அந்தப் பக்கமே போகாதீர்கள், தட்டல் மட்டும் பரவாயில்லை. ஆண்ட்ராய்டு 10 அதே வருடம் திரையின் இரண்டு ஓரங்களையும் பின்செல்லும் சைகைக்கு எடுத்துக்கொண்டது. ஓரத்திலிருந்து கோடு இழுக்க வேண்டிய பகுதியை விலக்கித் தரச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் ஓர் ஓரத்துக்கு 200 டிபி உயரம் வரைதான் கிடைக்கும். முழு ஓரமும் கிடைக்காது என்பதால் கேன்வாஸை ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிவைப்பதே நிம்மதி. பிரவுசரில் செய்வதானால் கேன்வாஸுக்கு டச்-ஆக்‌ஷன் என்ற சிஎஸ்எஸ் பண்பை 'நன்' என்று வைக்க மறக்காதீர்கள், மறந்தால் உங்கள் கோடு நடுவிலேயே ரத்தாகிப் பக்கம் உருளும்.

எத்தனை சைகை என்று கேட்டீர்கள். இது என் அபிப்பிராயம்தான்: நகர்த்தல்-ஜூம்-சுழற்சியை ஒன்றாக எண்ணினால், அதோடு அன்டூ, ரீடூ, வண்ணம் எடுப்பது என்று நான்கோடு வெளியிடுங்கள். ஐந்தாவதை யாராவது கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டனும் எங்காவது இருக்க வேண்டும். இது கண்ணுக்குத் தெரியாத சைகையைக் கண்டுபிடிக்காதவர்களுக்காக மட்டும் இல்லை, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசெய்யும், 2018இல் வந்த இணைய அணுகல் விதிகள் 2.1 (WCAG) பல விரல் சைகை எதுவும் ஒரே விரலாலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறது. வரைவதே பாதையைப் பொறுத்த வேலை என்பதால் அதற்கு விலக்கு உண்டு. ஜூமுக்கும் அன்டூவுக்கும் கிடையாது. ஒரே கையில் ஒரே விரலோடு வரைகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டன்களை இடம் வலம் மாற்றிக்கொள்ளவும் விடுங்கள்.

சோதிப்பதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. ஆப்புக்குள் வரும் ஒவ்வொரு தொடலையும் நேரம், இடம், பேனாவா விரலா, தொட்ட பரப்பு என்று அப்படியே ஒரு கோப்பில் எழுதிவையுங்கள், அதே கோப்பைத் திரும்ப ஓட்டிப் பார்க்கவும் ஒரு வழி செய்யுங்கள். யாராவது 'சும்மா கோடு விழுந்தது' என்று சொன்னால், அதை நீங்கள் கையால் திரும்ப வரவழைக்கவே முடியாது, உங்கள் கை வேறு, அவர் கை வேறு. கோப்பு இருந்தால் அவர் கையையே திரும்பத் திரும்ப ஓட்டலாம், எல்லைகளை மாற்றினால் பழைய பதிவுகளில் எது கெடுகிறது என்றும் பார்க்கலாம். முதல் பதிவாக, நீங்களே சோபாவில் படுத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருபது தடவை ஜூம் செய்ததை எடுங்கள். அந்த நீளக் கோடு எந்த விரல் மிஞ்சியதால் வந்தது என்று அதிலேயே தெரிந்துவிடும்.